ஒயின்ஸ் கடையில் ஒயின் கேட்டவர்

ஒயின் குடித்துப் பிழைத்தவள் என்று எனக்கு மலையில் ஒரு பெயர் உண்டு. காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ‘ஒயினம்மா வூடு’ என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு காலத்தில் பெருமைகூட இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். இரண்டு பேருக்குமே சொந்த ஊர் ஆலங்காயத்துப் பக்கம். கல்யாணமானதும் மேலே வந்துவிட்டோம். புளி மூட்டையோடு காலை பஸ்ஸுக்கு நிற்கும் மலைக்காரர்கள், தொலைநோக்கி இருக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள், டிரைவர்கள், வாத்தியார்கள் எல்லோருக்கும் அந்த ஒரு கடைதான். அவருடைய நாக்கு சாதாரண நாக்கு இல்லை. டீத்தூளை விரல் நுனியில் தொட்டு வைத்தாலே அது எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். பாலில் தண்ணீர் கலந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். மாடு அன்றைக்கு என்ன தழையைத் தின்றது என்பது வரைக்கும் இவர் சொல்வார்.

அந்த நாக்கில் அதுவரை ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. மலையில் வேலம்பட்டை போட்டுத் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் டம்ளர் நீளும். இவர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பின்னால் இருந்து கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே போய் அடுப்பை ஊதுவார். குடிக்காத ஆள் கிடைத்தான் என்று என் அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாசமாக இருந்தபோதே உடம்பில் ஏதோ சரியில்லை. அடுப்புச் சாம்பலையும் சுவர் மண்ணையும் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டித் தின்பேன். பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எப்படியோ நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டியது. காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல். பால் சுரக்கவில்லை. குழந்தை மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீல் என்று அழும், அழுவதற்கும் தெம்பில்லாமல் தூங்கிவிடும். கடைப் பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினோம்.

மலைக்கு வந்துபோகும் நர்சம்மா ஒருநாள் வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். காது இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் உள்ளே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“ஒயின் டானிக் குடுக்கணுமாம். நல்லதா பாத்து வாங்கணுமாம், மட்டமானது ஆவாதாம். விடாம குடுத்தா ரத்தம் ஊறுமாம்.”

“இல்லன்னா?” என்று கேட்டேன்.

அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதில் எனக்கே தெரியும்.

பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு மூடி பிராந்தி கொடுப்பது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். அதனால் ஒயின் என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மலைச்சரக்கு ஒரு சீசா கொண்டு வந்தார். “இத்தையே ஊத்துப்பா, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். இவர் வாங்கவில்லை. நர்சம்மா நல்லதாக வாங்கச் சொல்லியிருக்கிறாரே, மட்டமானதைக் கொடுத்து எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதுதான் அவருக்குப் பயம்.

அரசாங்கம் மதுக்கடைகளை மறுபடி திறந்துவிட்டிருந்த சமயம் அது. கீழே எங்கே பார்த்தாலும் ‘ஒயின்ஸ்’ என்று போர்டு. இவ்வளவு கடை இருக்கிறது, ஒரு ஒயின் கிடைக்காதா என்று கிளம்பிப்போனார். ஆலங்காயத்தில் முதல் கடையில் நடந்ததை அவரே நடித்துக் காட்டினார். என்னைச் சிரிக்க வைக்க அன்றைக்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை.

“இன்னா சரக்கு வோணும்?”

“ஒயினுங்க.”

“எல்லாம் ஒயின்ஸ்தான்யா. இன்னான்னு சொல்லு, பிராந்தியா, ரம்மா?”

“ஒயினே வேணுங்க. ஒயின்னு போர்டு போட்டுக்கிறீங்களே.”

கடைக்காரர் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டாராம். “யோவ், இங்க வந்து பாரு. ஒயின்ஸ் கடையில ஒயின் கேக்குறாரு ஒருத்தரு!”

அடுத்த கடையிலும் அதே சிரிப்பு. குடிக்காத மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கம்பி வலைக்கு முன்னால் போய் நின்று, குடிகாரர்கள் சிரிக்கச் சிரிக்கக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் வாணியம்பாடியில் ஒரு கடையில், மேல் தட்டில், தூசி மூடி ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டார். டீ விற்ற காசில் அது கட்டுப்படியாகாது. கொஞ்ச நேரம் ரோட்டில் நின்று யோசித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். யாரும் கேட்காத சரக்குதானே, லேபிள் வேறு கிழிந்திருக்கிறது, குறைத்துக்கொடு என்று பேரம் பேசினார். கடைக்காரரும் ஒழிந்தால் சரி என்று கொடுத்துவிட்டார்.

அந்த முதல் சீசாவின் ருசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு, தொண்டையில் இளஞ்சூடு. பாத்திரம் தேய்க்கக்கூடத் தெம்பில்லாத நான் அன்றைக்கு ஒரு மூடி குடித்துவிட்டுக் காரணமில்லாமல் சிரித்தேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அம்மா சிரிக்கிறா பாரு என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

ஆனால் உடம்பு தேறவில்லை. கண் இருட்டுவது நிற்கவில்லை. கடைக்கு டீ குடிக்க வரும் டிரைவர் ஒருவர், பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர், சீசாவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது இனிக்குமே? இனிச்சாலே மட்டம்னு அர்த்தம்பா. சக்கரையைப் போட்டு மறைச்சிருப்பான். நல்லதுன்னா துவர்க்கும். வெளிச்சத்துல புடிச்சிப் பாரு, மோந்து பாரு, அப்புறம் ஒரு வாய் வெச்சி நாக்கு பூரா பெரட்டிப் பாரு.”

“நான் குடிக்கமாட்டேண்ணா.”

“யாரு குடிக்கச் சொன்னாங்க? டீத்தூள் பாக்குற மாதிரி பாரு. பாத்துட்டுத் துப்பிடு.”

இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அவர் துப்பத்தான் செய்தார். நானே பார்த்திருக்கிறேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது டீ கிளாஸ்களை வரிசையாகப் பெஞ்சில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அளவு ஊற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கடைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், “இன்னாப்பா, டீக்கடை ஒயின்ஸ் ஆயிடுச்சா?” என்பார்கள். “வூட்டுல பொம்பள பொழைக்கணும்ல” என்பார். அதற்கு மேல் யாரும் கிண்டல் செய்யமாட்டார்கள்.

எப்போது விழுங்க ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியாது.

குறைந்த காசில் நல்லதைப் பிடிக்கிற வித்தை அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பெரிய கடையைவிட மூலைக் கடையில்தான் பழைய சரக்கு விலை இறங்கிக் கிடக்கும் என்பார். வெயில் படுகிற தட்டில் நிற்க வைத்திருந்தால் தொடமாட்டார், அது காடியாகியிருக்கும். பெங்களூரில் விலை குறைவு என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புவார். விலை கூடினால் சரக்கு நல்லது என்று நினைக்கிறவன் முட்டாள் என்பார். ஒரு தடவை மிகவும் மலிவாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஜாதகம் பார்ப்பவர் மாதிரி அதன் குணத்தையெல்லாம் எனக்கு விளக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்காக இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறாரே என்று கண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தலை நின்ற சமயம் அவர் கொண்டுவந்த சீசாவில் ருசி மாறியிருந்தது. இனிப்பே இல்லை என்று சொல்லலாம். துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருந்தது. எனக்குக் குமட்டியது.

“இன்னாங்க இது, துரு நாத்தம் அடிக்குது?”

“நல்லதுன்னா அப்டித்தாம்மே இருக்கும். டிரைவரு சொல்லல? மூக்கைப் புடிச்சிக்கினு முழுங்கு.”

முழுங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த சீசா எல்லாமே அந்தத் துரு ருசிதான். பல் கறுத்தது. வெளிக்குப் போனால் கரி மாதிரிப் போனது. பயந்துபோய்ச் சொன்னேன். கெட்ட ரத்தம் கழியுது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் காது இரைச்சல் அடங்கியது. சுவர் மண் மேலிருந்த ஆசை விட்டுப்போனது. ஒருநாள் குழந்தை இழுத்தபோது மார்பு கனத்து, இரண்டு பக்கமும் புடவை நனைந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். அவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொன்னேன், ஒயின் என்னைப் பிழைக்க வைத்தது என்று. இனிப்பதை வாங்காதீர்கள், துரு ருசி அடித்தால்தான் உசத்தி என்று பிள்ளை பெற்றவர்களுக்கு யோசனைகூடச் சொன்னேன். அப்படி வந்ததுதான் ஒயினம்மா என்ற பெயர்.

எனக்குச் சரியான பிறகும் டீ கிளாஸ்கள் வரிசையாகப் பெஞ்சில் நின்றன. “இன்னும் எதுக்கு?” என்று கேட்டால், திரும்ப ரத்தம் குறைந்துவிட்டால் என்ன செய்வது, கையிருப்பு வேண்டாமா என்பார். பிறகு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. ஒயின் போய் பிராந்தி வந்தது. பிராந்தி கட்டுப்படியாகாமல் கடைசியில் அவர் ஒரு காலத்தில் கும்பிடு போட்டு ஒதுங்கிய அதே மலைச்சரக்குக்கு வந்தார். முன்பு கிண்டல் செய்தவர்களே, “போதும்பா, வூட்டுக்குப் போ” என்று கையைப் பிடித்து இழுக்கும்படி ஆனது.

கடை போனது நாக்கினால்தான். பால் திரிந்திருப்பது அவருக்குத் தெரியாமல் போனது. கசந்துபோன டீயைக் கொடுத்துவிட்டு, ஏன் குடிக்காமல் வைக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒருநாள் வாத்தியார் ஒருவர் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். இவர் மிச்சத்தை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலமே” என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் இரக்கம் வந்திருக்கும். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று பேர் பிழைப்பையும் ஒரு ஆள் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தால் எவளுக்குத்தான் வராது?

நான் பால்வாடியில் ஆயா வேலைக்குப் போனேன். பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவருக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். வேலூருக்குக் கூட்டிப்போனேன். ஈரல் கெட்டுவிட்டது, தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். காலும் வயிறும் வீங்கி, முகம் மட்டும் வற்றிப் படுத்திருந்தார். கடைசி நாட்களில் ஒருநாள் சாயங்காலம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்.

“நீ குடிச்சியே ஒயினு, அது இன்னா ருசிமே?”

“துரு ருசி. அத்த இப்ப எதுக்குக் கேக்குறீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், சிரித்தார், இருமல் வந்து கஞ்சி மூக்கில் ஏறும்வரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல் விடவில்லை. நான் வாயைத் துடைத்துவிட்டு, பேசாம படுங்க என்று அதட்டினேன். நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் பெண் வெளுக்க ஆரம்பித்தாள். ஸ்லேட்டில் எழுதக் கொடுத்த பல்பம் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கெல்லாம் மாவு. பல்பத்தைத் தின்றிருக்கிறாள். எனக்குச் சுவர் மண் ஞாபகம் வந்துவிட்டது. பால்வாடிக்கு வந்த புது நர்சம்மாவிடம் காட்டினேன். கண் இமையை இழுத்துப் பார்த்தார், காலைத் திருப்பிப் பார்த்தார். செருப்பில்லாமல் நடப்பதால் பூச்சி ஏறி ரத்தத்தை உறிஞ்சுகிறது என்றார். பூச்சி மருந்தும், காகிதம் ஒட்டாத ஒரு சின்ன சீசாவும் கொடுத்தார்.

“இது அயன் டானிக்கு. தெனம் ரெண்டு வேள குடுங்க. பல்லு கறுக்கும், வெளிக்கிக் கறுப்பா போவும். பயந்துக்காதீங்க.”

மூடியைத் திறந்தேன். வாசனை வந்ததுமே கை நின்றுவிட்டது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

“இது ஒயினாச்சேங்க” என்றேன்.

நர்சம்மா சிரித்தார். “ஒயின் இல்லம்மா, அயன். அயன்னா இரும்பு. சின்னக் கொழந்தைக்கிப் போயி ஒயின் குடுப்பாங்களா?”

நான் அந்த வாரமே ஆலங்காயத்துக்கு இறங்கினேன். அங்கே பழைய மருந்துக்கடை ஒன்றுதான். கடைக்காரருக்கு என் வீட்டுக்காரர் இறந்தது தெரிந்திருந்தது. அவர் இங்கே டானிக் வாங்கினாரா என்று நான் கேட்டதும் கடைக்காரர் தராசை ஒதுக்கி வைத்தார்.

“சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கினாரும்மா. இனிமே இன்னா இருக்குது, சொல்லிடறேன். கடைச் சரக்குல தேறல, ஒயின் டானிக்குன்னே இருந்தா வேணும்னு வந்தாரு. எதுக்குன்னேன். ரத்தம் ஊறன்னாரு. அட, அது அயன்பா, ஒயின் இல்ல, யாரோ சொன்னத தப்பாக் கேட்டுக்கினு வந்துட்டன்னேன். அப்டியே இந்தப் படியில குந்திட்டாரு. அப்புறம் டானிக்க வாங்கி, கையில இருந்த ஒயின் சீசாவுல ஊத்திக்கினாரு. ஊருபூரா ஒயின்னு சொல்லி வெச்சிட்டேன், இப்ப மாத்திச் சொன்னா சிரிப்பாங்க, அவளுக்கும் தெரிய வேணாம்னாரு. அப்புறம் ஒரு வருஷம் தவறாம வந்தாரும்மா. உங்களுக்கு எதுவுமே கொறையக்கூடாதுன்னு நல்லதாத்தான் பாத்து வாங்குவாரு.”

“அந்தச் சீசாவுல இருந்த ஒயினை இன்னா பண்ணாரு?” என்று கேட்டேன்.

கடைக்காரர் தராசைத் திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டார். பதில் எனக்கே தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கத்துக்காகத்தான் முதலில் மறைத்திருப்பார், அதை நம்புகிறேன். ஒயின்ஸ் கடையில் ஒயின் கேட்டுச் சிரிப்பு வாங்கிய மனிதர், அதையெல்லாம் வீணுக்குப் பட்டேன் என்று ஊரிடம் எப்படிச் சொல்வார்? ஆனால் வெட்கம் எத்தனை நாள் தாங்கும்? அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லி ஒயின் வாங்குவது அவருக்கு வசதியாகப் போயிருக்கும். என் மருந்தை ஒரு நாளும் தவறவிடாமல் கொடுத்திருக்கிறார். என்னைத் தினமும் ஏமாற்றியும் இருக்கிறார். இரண்டையும் செய்தது ஒரே கைதான். கடைசியில் சொல்ல வாயெடுத்தவரைப் பேசாம படுங்க என்று அதட்டியதும் நான்தான். சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா, அடித்திருப்பேனா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்ணை மடியில் உட்கார வைத்து மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாம்மா. துரு மாதிரி இருக்குது.”

மூடியை மறுபடி அவள் வாயருகே கொண்டுபோனேன்.

“நல்லதுன்னா அப்டித்தாம்மே இருக்கும்,” என்றேன். “மூக்கைப் புடிச்சிக்கினு முழுங்கு.”